செட்டிநாட்டு வீட்டுத் தோட்டத்திலிருந்து சூரியக் காற்றை அளப்பது எப்படி?

2024 மே 10ஆம் தேதி இரவு பத்தரை மணி. இருபது ஆண்டுகளில் வந்த மிகப் பெரிய சூரியப் புயல் பூமியைத் தொட்ட நேரம். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டுப் பட்டாலையில், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். பாட்டிலுக்குள் பட்டு நூலில் தொங்கும் சின்னக் காந்தம். அதன்மேல் ஒட்டிய கண்ணாடிச் சில்லு. அதில் லேசர் பேனாவின் ஒளி பட்டு எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி. புயல் வந்தால் புள்ளி சுவரில் ஓடும் என்று இணையத்தில் படித்திருந்தேன். அன்றிரவு லடாக்கின் ஹன்லேயில் வானமே சிவந்தது. என் சுவரில் புள்ளி நகர்ந்தது, அப்பத்தா வந்து மின்விசிறியைப் போட்டபோது மட்டும்தான்.

ஏன் ஓடவில்லை என்று புரிந்துகொள்ள எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் தேவையில்லாத பொருள்களில் நாலாயிரம் ரூபாய் போய்விட்டது. நான் படித்தது பி.காம், இயற்பியல் பிளஸ் டூவோடு சரி. என்னாலேயே கடைசியில் முடிந்தது என்றால் உங்களால் இரண்டு மாதத்தில் முடியும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் செய்யும் மாணவர்களுக்கும், ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பி வந்தவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. இங்கே எது தெரியும், எது தெரியாது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

துருவ ஒளி தெரியாது. காரைக்குடி பத்து டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மொட்டைமாடியில் கேமராவை வைத்து விடிய விடியக் காத்திருந்தாலும் கொசுக்கடிதான் மிச்சம். ஆனால் காந்தப்புலத்தைப் பொறுத்தவரை நாம் இருக்கும் இடம் அலாதியானது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி வழியாகப் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததற்கும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிப் பக்கம் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம். பூமிக்கு இடுப்பு என்று ஒன்று இருந்தால் நாம் அந்த இடுப்பை ஒட்டிக் குடியிருக்கிறோம்.

சூரியக் காற்று என்பது சூரியனிலிருந்து ஓயாமல் பாய்ந்து வரும் மின்னேற்றத் துகள்கள், பெரும்பாலும் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும். சாதாரண நாளில் வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகம். பூமிக்கு அருகில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு துகள்தான் இருக்கும். அவ்வளவு லேசான காற்றுதான், ஆனாலும் பூமியின் காந்தக் கோளத்தைப் பகல் பக்கம் சுமார் பத்து புவி ஆரத் தூரத்துக்கு அமுக்கி வைக்கிறது. இரவுப் பக்கம் நீண்ட வாலாக இழுத்துக்கொண்டு போகிறது.

அந்தக் காற்று தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் சுமந்து வருகிறது. அது வடக்கு நோக்கி இருந்தால் பூமி நம் வீட்டு நிலைக்கதவு மாதிரி சாத்திக்கொள்ளும். பெரிதாக ஒன்றும் நடக்காது. தெற்கு நோக்கித் திரும்பி மணிக்கணக்கில் அப்படியே நின்றால், அது பூமியின் புலத்தோடு கோத்துக்கொண்டு கதவைத் திறந்துவிடுகிறது. ஆற்றல் உள்ளே வருகிறது. பூமியைச் சுற்றி, சில புவி ஆரத் தூரத்தில், நடுக்கோட்டுக்கு மேலே ஒரு மின்னோட்டம் ஒட்டியாணம் போலச் சுற்றத் தொடங்குகிறது. அதற்கு வளைய மின்னோட்டம் என்று பெயர். அது மேற்கு நோக்கிப் பாய்வதால் தரையில் தெற்கு நோக்கிய ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, பூமியின் வடக்கு நோக்கிய புலத்தைக் கொஞ்சம் குறைக்கிறது.

என் பாட்டில் ஏமாற்றியது இங்கேதான். துருவப் பக்க நாடுகளில் புயலின்போது காந்தப்புலத்தின் திசையே கண்ணுக்குத் தெரியும் அளவு ஆடும். தொங்கும் காந்தம் திரும்பும். நம் ஊரில் பெரும்பாலும் மாறுவது வடக்கு நோக்கிய புலத்தின் வலிமை. வடக்கைப் பார்த்துத் தொங்கும் காந்தத்தை வடக்கிலிருந்து கொஞ்சம் குறைவாக இழுத்தால் அது எதற்குத் திரும்பப் போகிறது? பாட்டில் முறையை விட மனமில்லை என்றால், பக்கத்தில் வேறு காந்தங்களை வைத்து, தொங்கும் காந்தம் கிழக்கு மேற்காக நிற்கும்படி செய்ய வேண்டும். அப்போது வடக்கு இழுவை குறைந்தால் திரும்பும். அந்தக் காலத்துக் காந்த ஆய்வகங்கள் நூலை முறுக்கி இதைத்தான் செய்தன. ஆனால் வெயிலில் பக்கத்துக் காந்தங்களின் வலிமையே மாறும். நான் மூன்று வாரம் முயன்று விட்டுவிட்டு, வடக்குப் புலத்தின் வலிமையை நேராக எண்ணாகக் காட்டும் காந்தமானிக்குப் போனேன். இனி கருவி என்று நான் சொல்வது அதைத்தான்.

2. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கும் முன் இரண்டு வாரம் வெறுமனே பாருங்கள்

இது யாரும் செய்யாத படி. நானும் செய்யவில்லை. எல்லாம் இலவசம்.

அமெரிக்காவின் நோவா அமைப்பின் விண்வெளி வானிலை முன்கணிப்பு மையத்தின் தளத்தில், சூரியக் காற்றின் வேகம், அடர்த்தி, காந்தப்புலம் மூன்றும் நிமிடத்துக்கு நிமிடம் வரைபடமாக வரும். அளப்பவை ஏஸ் போன்ற விண்கலங்கள். சூரியன் பக்கம் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் எல்1 புள்ளியைச் சுற்றி நிற்கின்றன. அந்தக் காற்று அங்கிருந்து நம்மிடம் வர 400 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம், 800இல் அரை மணி. அதாவது நமக்குக் கிடைக்கும் நிச்சயமான முன்னறிவிப்பு அவ்வளவுதான். வரைபடத்தில் ‘பிஇசட்’ என்று ஒரு கோடு இருக்கும். அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் தெற்கு. மைனஸ் பத்து நானோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு, டிஎஸ்டிக்கும் இதே அலகுதான்) கீழே இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் கருவி பக்கம் போய் உட்காருங்கள்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத் தரவு மையம் ‘டிஎஸ்டி’ என்ற எண்ணை மணிக்கு ஒருமுறை வெளியிடுகிறது. ஒட்டியாணம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சொல்லும் எண் இது. அமைதியான நாளில் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். மைனஸ் 50 என்றால் நடுத்தரப் புயல், மைனஸ் 100க்குக் கீழே பெரும்புயல். 2024 மே மாதம் மைனஸ் 400ஐத் தாண்டிப் போனது. நீங்கள் கருவி வைத்தபின் உங்கள் வரைபடத்தைச் சரிபார்க்கப் போவது இந்த எண்ணோடுதான். இதைக் கணக்கிடும் நான்கு நிலையங்களில் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை. அதனால் உருவம் ஒத்துப் போகும், எண் அப்படியே ஒத்துப் போகாது. அதற்காகக் கருவியைக் குறை சொல்லிக் கழற்றிவிடாதீர்கள். நான் ஒருமுறை கழற்றினேன்.

கேபி என்று இன்னொரு எண் உண்டு. 0 முதல் 9 வரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. செய்திகளில் வரும் ஜி1 முதல் ஜி5 வரையான புயல் வகைகள் கேபி 5 முதல் 9 வரை. பெரும்பாலும் வடக்கே இருக்கும் நிலையங்களை வைத்துச் சொல்லும் எண் என்பதால் நமக்கு டிஎஸ்டி அளவுக்குப் பயன்படாது.

இரண்டு பொறிகள். ஒன்று, நேரம். எல்லாத் தளங்களும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். மே 10 புயலின் முதல் அடி அங்கே 17:05. நமக்கு இரவு 10:35. இதைக் கூட்ட மறந்து, நான் ஒரு வாரம் முழுக்க சாயங்காலத்துப் புயலை மத்தியானத்தில் தேடியிருக்கிறேன். கருவியின் கடிகாரத்தையும் பொது நேரத்திலேயே வைத்துவிடுங்கள். இரண்டாவது பொறி, சூரியப் பிழம்பையும் (சூரியனில் திடீரென்று வெடிக்கும் ஒளி) சூரியக் காற்றையும் ஒன்றாக நினைப்பது. ‘எக்ஸ் வகைப் பிழம்பு’ என்று செய்தி வந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் “இன்று இரவு புயல்” என்று கிளப்பிவிடுவார்கள். பிழம்பின் எக்ஸ் கதிர் எட்டே நிமிடத்தில் வந்து, பகல் பக்கத்துச் சிற்றலை வானொலியை மங்கச் செய்துவிட்டுப் போய்விடும். காற்றோடு வரும் பெரிய வீச்சு வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள். சில சமயம் நம் பக்கம் வராமலே போகும்.

3. காகிதங்கள்

காந்தமானி வைக்க அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. அது எதையும் வெளியே அனுப்புவதில்லை. ஆனால் மூன்று காகிதங்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

முதலாவது, பங்காளிகள் சம்மதம். சிரிக்காதீர்கள். செட்டிநாட்டில் பழைய வீடு என்றால் பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பொது. நீங்கள் தோட்டத்தில் முக்கால் மீட்டர் குழி தோண்டும் நாளில்தான் சென்னையிலிருந்து ஒரு பெரியப்பா வந்து இறங்குவார். ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்த இடம், எவ்வளவு ஆழம், எத்தனை மாதம், பழைய கட்டுமானத்தைத் தொடமாட்டேன், வேண்டாம் என்றால் ஒரு நாளில் எடுத்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் “சரிப்பா” என்று வந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எனக்கு இதற்கு ஆறு வாரம் ஆனது. கருவிக்குக்கூட அவ்வளவு ஆகவில்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம், பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடம் இதே கடிதம்.

இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து பொருள் வரவழைத்தால் கூரியர்காரர்கள் கேட்கும் அடையாளச் சான்று. ஆதார், பான் இரண்டையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். முகவரி பில்லில் இருப்பதும் சான்றில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். என் ஆதாரில் கதவு எண் பழையது. பார்சல் பதினோரு நாள் சுங்கத்தில் கிடந்தது.

மூன்றாவது, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலத்தின் தரவைத் தரும் இஸ்ரோவின் பிரதான் தளத்தில் கணக்கு. ஆதித்யா எல்1 2023 செப்டம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6இல் எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையில் சேர்ந்தது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அதிலிருக்கும் ஏழு கருவிகளில் ஆஸ்பெக்ஸ், பாப்பா இரண்டும் சூரியக் காற்றுத் துகள்களை அளக்கின்றன. காந்தமானி ஒன்றும் இருக்கிறது. பதிவு செய்து உள்ளே போக வேண்டும், கட்டணம் இல்லை. கோப்புகள் எக்செல்லில் இரட்டைக் கிளிக்கில் திறக்காது. கொஞ்சம் பைத்தான் தெரிந்த கல்லூரிப் பிள்ளை யாரையாவது பிடியுங்கள். உடனுக்குடன் பார்க்க இது உதவாது. புயல் முடிந்தபின், “நம் ஊர்த் தோட்டத்தில் இறங்கிய கோடு, எல்1இல் எப்போது தொடங்கியது” என்று நம் விண்கலத்தின் தரவோடு வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி.

4. இடம் தேர்வு: வளவை விட்டு வெளியே வாருங்கள்

முதலில் வீட்டின் நடுவே இருக்கும் வளவு முற்றத்தில்தான் வைத்தேன். வெயில், மழை, காற்று எல்லாம் வரும் திறந்த இடம், நடமாட்டம் குறைவு. ஆனால் தலையை உயர்த்திப் பார்த்திருக்க வேண்டும். முற்றத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி வலை. சுற்றி இரும்பு உத்திரம், இரும்புக் கிராதி, வளவறைக்குள் இரும்புப் பெட்டி, மூன்றாங்கட்டில் போர்வெல் மோட்டார். அசையாத இரும்பால் பெரிய கெடுதல் இல்லை. வெயிலில் சூடேறும் இரும்பும் நகரும் இரும்பும்தான் கெடுப்பவை.

நமக்கு வேண்டிய அளவை மனதில் வையுங்கள். நம் ஊரில் பூமியின் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. நாம் தேடுவது அதில் 50, 100 மாறுவதை. வீட்டுப் பக்கம் வைத்திருந்தபோது, தினமும் காலை 6:50க்கு அறுபது நானோடெஸ்லா ஏறி, 7:05க்குச் சட்டென்று இறங்கும் ஒரு ‘புயல்’ எனக்குக் கிடைத்தது. சூரியனுக்கும் நம் ஊருக்கும் ஏதோ தனி உறவு என்று நோட்டில் எழுதியே வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால், பால்காரர் மொபெட்டைச் சுவரோரம் சாத்திவிட்டு, அப்பத்தாவோடு கால் மணி நேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றே மீட்டரில் என் கருவி.

ஒரு நல்ல செய்தி. ஒரு இரும்புச் சாமானின் பாதிப்பு தூரத்தின் மும்மடிக்குக் குறையும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் பாதிப்பு எட்டில் ஒன்று. நான் வைத்துக்கொண்ட கணக்கு: வீட்டு இரும்பிலிருந்து 20 மீட்டர், வண்டி வரும் வழியிலிருந்து 30, மோட்டாரிலிருந்து 30, மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மர் கண்ணில் படவே கூடாது. பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் கொலாபா காந்த ஆய்வகத்தையே கடல் தாண்டி அலிபாகுக்குக் கொண்டுபோனார்கள். நாம் பின்கட்டைத் தாண்டித் தோட்டத்துக் கோடிக்குப் போவதில் தவறில்லை.

செம்பூராங்கல் பூமியாயிற்றே, இரும்புச் சத்து கெடுக்காதா என்று கேட்பார்கள். அது நகராது. நிலையான எண்ணாகச் சேர்ந்துவிடும். நாம் பார்ப்பது மாற்றத்தை மட்டும்.

5. எதை வாங்குவது, எதை விடுவது

செல்போனில் காந்தமானி இருக்கிறதே என்று பலர் சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் அதன் ஒரு படியே நூறு நானோடெஸ்லாவை ஒட்டி வரும், அதற்குமேல் போனின் சொந்த இரைச்சல். திசைகாட்டிக்குப் போதும், இதற்குப் போதாது.

நான் கடைசியில் நின்றது ஆர்எம்3100 என்ற உணரியில். சின்ன அட்டை, மூன்று திசைக்கும் மூன்று சுருள். சைக்கிள் கவுண்ட் என்ற அமைப்பை 200இல் விட்டால் ஒரு படி சுமார் 13 நானோடெஸ்லா. 400க்கு ஏற்றினால் இன்னும் நுணுக்கம். வினாடிக்கு ஒன்று எடுத்து நிமிடத்துக்குச் சராசரி போட்டால் இரைச்சல் அடங்கி, ஐந்தாறு நானோடெஸ்லா மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. ஃப்ளக்ஸ்கேட் வகை உணரி இதைவிடத் துல்லியம், விலையும் அதற்கேற்றபடி. முதல் கருவிக்கு வேண்டாம்.

எனக்கு ஆன செலவு, தோராயமாக: உணரி 3,500 ரூபாய், உணரியின் எண்களைப் படித்து எழுதும் குட்டிக் கணினியான ஈஎஸ்பி32 அட்டை 500, நேரம் காட்டும் கடிகாரச் சில்லு, மெமரி கார்டு, அதைப் பொருத்தும் பலகை எல்லாம் 700, வெப்பமானி 100, ரவுட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் 1,300, பிவிசி குழாய், மூடி, ஒட்டும் பசை 400, ஒயர் 500. ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. உணரி உள்நாட்டு இணையக் கடைகளில் கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள், இருநூறு முந்நூறு கூடினாலும் பரவாயில்லை. வெளிநாட்டிலிருந்து முதலில் வாங்கியதற்கு வரி, கையாளும் கட்டணம் என்று பொருளின் விலையில் கிட்டத்தட்டப் பாதி தனியாகக் கட்டினேன்.

யுபிஎஸ் ஏன், பவர் பேங்க் போதாதா? போதாது. பல பவர் பேங்குகள் குறைவான மின்சாரம் போனால், போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்து அணைந்துவிடும். இரவு பதினோரு மணிக்கு அணைந்தது காலையில்தான் தெரியும். வைஃபையையும் நம்பாதீர்கள். இரண்டடிச் சுண்ணாம்புச் சுவர்கள் நான்கைத் தாண்டி அது தோட்டத்துக்கு வராது. மெமரி கார்டில் எழுதி, வாரம் ஒருமுறை எடுத்து வாருங்கள்.

திருகாணி, நட்டு எல்லாம் பித்தளை அல்லது பிளாஸ்டிக். ‘ஸ்டெயின்லெஸ்’ என்று கடைக்காரர் தருவதை நம்பாமல், ஒரு காந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒட்டிப் பார்த்து வாங்குங்கள். பாதி ஒட்டும்.

6. குழியும் திசையும்

நான்கு அங்குல பிவிசி குழாயை, கீழ்வாய் மூடி ஒட்டி, முக்கால் மீட்டர் ஆழத்தில் செங்குத்தாகப் புதையுங்கள். உணரி அடியில், கூடவே வெப்பமானி. ஈஎஸ்பி32 அட்டை உணரியிலிருந்து ஒரு மீட்டராவது மேலே, தரைக்கு வெளியே ஒரு மூடிய டப்பாவில். அந்த ஒயரை மூன்று நான்கு மீட்டருக்கு இழுக்க ஆசைப்படாதீர்கள். ஐ2சி இணைப்பு அவ்வளவு தூரம் தாங்காமல் எண்கள் கிறுக்குப் பிடித்த மாதிரி வரும்.

ஏன் புதைக்க வேண்டும்? உணரி சூட்டுக்கு அசையும். சித்திரை வெயிலில் எங்கள் தோட்டத்து மேல்மண்ணில் வெறுங்கால் வைக்க முடியாது. முக்கால் மீட்டர் கீழே பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே சூடு.

திசை வைப்பதற்கு ஒரு சுலபமான வழி. ரசமட்டம் வைத்து உணரியைச் சமதளமாக்குங்கள். பிறகு கிழக்கு நோக்கிய அச்சின் எண் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை மெல்லத் திருப்புங்கள். அப்போது வடக்கு அச்சு தானாகச் சரியாக நிற்கும். அதன் எண் 40 மைக்ரோடெஸ்லாவை (அதாவது 40,000 நானோடெஸ்லாவை) ஒட்டியும், செங்குத்து அச்சின் எண் மிகச் சின்னதாகவும் இருக்க வேண்டும். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் காந்தப்புலம் தரைக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்திருப்பதால்தான் அப்படி. உலகின் பெரும்பாலான இடங்களில் இந்தப் படம் கிடைக்காது. எண் தலைகீழாக, செங்குத்து பெரிதாக வந்தால் பக்கத்தில் எங்கோ இரும்பு இருக்கிறது.

ஐப்பசி அடைமழைக்கு முன் மூடியைச் சரிபாருங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து. ஒயரைக் குழாய்க்குள் விட்டே கொண்டுவாருங்கள். பெருச்சாளிக்கு ரப்பர் வாசனை பிடிக்கும். இடி மின்னல் நேரத்தில் யுபிஎஸ்ஸைச் சுவர் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுவது நல்லது.

7. முதல் பத்து நாள்: மத்தியான மேட்டைப் புயல் என்று நினைக்காதீர்கள்

எந்தப் புயலும் இல்லாத நாளிலும் உங்கள் வரைபடத்தில் ஒரு மேடு தெரியும். காலை எட்டு மணிக்கு ஏறத் தொடங்கி, பதினொன்றை ஒட்டி உச்சிக்குப் போய், மாலைக்குள் இறங்கிவிடும். சில பத்து நானோடெஸ்லா உயரம். எனக்கு முதல் நாள் கை நடுங்கியது. இரண்டாம் நாளும் அதே மேடு, மூன்றாம் நாளும்.

இது சூரியக் காற்றின் வேலை இல்லை. நம் தலைக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டின் இருபுறமும் ஒரு குறுகிய பட்டையில், பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. நடுக்கோட்டு மின்தாரை என்பார்கள். மேல் வளிமண்டலத்தைச் சூரியன் மின்னேற்றுவதாலும், அங்கே வீசும் காற்றின் அலைகளாலும் வருவது. தோட்டத்தில் புதைத்த ஒரு குழாயால் நூறு கிலோமீட்டர் உயரத்து மின்னோட்டத்தைப் பார்க்கிறோம். என்னைக் கேட்டால், புயலே வராவிட்டாலும் இது ஒன்றுக்காகவே ஏழாயிரம் ரூபாய் தகும்.

மேடு உண்மையானதா, உணரி சூடேறியதால் வந்ததா என்று கண்டுபிடிக்க நேரத்தைப் பாருங்கள். மின்தாரையின் உச்சி பதினொரு மணிப் பக்கம். வெயிலின் உச்சி இரண்டு, இரண்டரை. உங்கள் மேடு இரண்டரைக்கு உச்சம் காட்டினால் குழி ஆழம் போதவில்லை.

பத்து நாளில் டிஎஸ்டி அமைதியாக இருந்த ஐந்து நாளை எடுத்து, நிமிடத்துக்கு நிமிடம் சராசரி போட்டு ஒரு வளைவு செய்யுங்கள். இனி ஒவ்வொரு நாளின் எண்ணிலிருந்தும் இதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நாம் தேடுவது. மாதம் மாற மாற மேடும் மாறும். வளைவையும் மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள்.

8. புயல் நாள்

எப்போது காத்திருப்பது? சூரியனும் பூமியும் நிற்கும் கோணத்தால், இரவும் பகலும் சமமாகும் மாதங்களில், அதாவது பங்குனியிலும் புரட்டாசியிலும், கதவு திறக்க வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினால் பங்குனிக்குக் கருவி தயாராக இருக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. சூரியனில் ஒளிவட்டத் துளை என்று சொல்லும் இடங்களிலிருந்து வேகமான காற்று வரும். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் அதே துளை சுமார் 27 நாளில் மறுபடி நம்மைப் பார்க்கும். ஒரு சின்னப் புயல் வந்தால் தினசரி காலண்டரில் 27 தாள் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். எனக்கு இரண்டுமுறை பலித்தது, ஒருமுறை பொய்த்தது.

வரிசை இப்படி இருக்கும். முதலில், அதிர்ச்சி அலை காந்தக் கோளத்தை அமுக்கும்போது உங்கள் கோடு சில நிமிடத்தில் படியேறுவது போல் மேலே குதிக்கும். பலர் இதைப் பார்த்து “ஏறுகிறதே, இறங்க வேண்டாமா” என்று குழம்புவார்கள். காத்திருங்கள். காற்றின் புலம் தெற்காக இருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். பெரும்புயலில் நூறு, இருநூறு, அதற்கு மேலும். அப்புறம் திரும்பி ஏற இரண்டு மூன்று நாள் ஆகும். 2024 மே புயலில் இரவு பத்தரைக்குக் குதித்தது, அடி மட்டத்தைத் தொட்டது மறுநாள் காலை எட்டு மணிப் பக்கம். ஆகவே இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. கருவி எழுதிக்கொண்டிருக்கிறதா, பச்சை விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

புயல் மேல் வளிமண்டலத்தையும் சூடேற்றி உப்பவைக்கும். தாழப் பறக்கும் செயற்கைக்கோள்களுக்கு இழுவை கூடும். 2022 பிப்ரவரியில் புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் முக்கால்வாசிக்கு மேல் ஒரு சாதாரணப் புயலில் விழுந்துபோயின. இதை நம் தோட்டத்திலிருந்து அளக்க வழியில்லை. ஆனால் மேல் வளிமண்டலத்தின் மின்னேறிய அடுக்கான அயனி மண்டலம் கலங்குவதை ஒரு ஆண்ட்ராய்டு போனால் பார்க்கலாம். ஜிபிஎஸ் கோள்கள் ஒவ்வொன்றின் சமிக்ஞை வலிமையைக் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து, போனை மொட்டைமாடியில் அசையாமல் வைத்து நள்ளிரவு வரை பதிவு செய்யுங்கள். பங்குனி, புரட்டாசி இரவுகளில் நம் நடுக்கோட்டுப் பகுதியில் அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும். அவற்றின் வழியே வரும் கோளின் எண் மட்டும் விளக்குச் சுடர் மாதிரி துடிக்கும், மற்றவை அசையாமல் நிற்கும். புயல் இந்தக் குமிழிகளைச் சில இரவு பெருக்கும், சில இரவு அடக்கிவிடும். ஆகவே ஒரே இரவை வைத்து முடிவு கட்டாதீர்கள். எல்லாக் கோள்களும் ஒன்றாகத் துடித்தால் அது யாரோ போனுக்கு முன்னால் வந்து நிற்பது.

அமெச்சூர் வானொலி வழியாகச் சிற்றலையில் சமிக்ஞை அனுப்பிச் சோதிக்க ஆசை வந்தால், அதற்குத் தேர்வும் மத்திய அரசு உரிமமும் உண்டு. உரிமம் கைக்கு வரும்வரை எதையும் ஒலிபரப்பாதீர்கள்.

9. நோட்டு

கருவியைவிட முக்கியம் பக்கத்தில் வைக்கும் கோடு போட்ட நோட்டு. தோட்டத்தில் யார் வந்தார்கள், மண்வெட்டி எங்கே சாத்தியது, கரண்ட் எப்போது போனது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். என் பதிவுகளிலேயே மிகப் பெரிய சரிவு 700 நானோடெஸ்லா. 2024 மே மாதத்தைவிடப் பெரியது. கியோட்டோவில் அன்று ஒன்றுமே இல்லை. நோட்டைப் புரட்டினால் எதிரே என் கையெழுத்திலேயே இருக்கிறது: “வைகாசி, சித்தப்பா மகள் கல்யாணம். சமையல்காரர்கள் ஆறு இரும்பு அடுப்பையும் ஜெனரேட்டரையும் தோட்டத்துக் கோடியில் இறக்கினார்கள். குழாய் மூடிமேல் தேங்காய் மூட்டை.”

வீட்டில் விசேஷம் வைத்தால் இரண்டு நாள் முன்பே உணரியை எடுத்துவிடுங்கள். திரும்ப வைக்கும்போது கிழக்கு அச்சை மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, புது அமைதி நாள் வளைவு போட ஒரு பத்து நாள் ஒதுக்குங்கள்.